வெள்ளைச் சுவருக்கு முந்தைய 160 மீட்டர்: ஐ-75 பனிமூட்ட விபத்து, ஒரு நிகழ்வு ஆய்வு

1990 டிசம்பர் 11, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கால்ஹூன் என்ற சிற்றூருக்கு அருகே ஹைவாஸி ஆற்றைக் கடக்கிறது ஐ-75 நெடுஞ்சாலை. காலை 9.10 மணி வாக்கில் ஆற்றை ஒட்டிய பகுதியில் அடர்ந்த பனிமூட்டம். தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு டிரெய்லர் லாரியின் பின்புறத்தில் இன்னொரு டிரெய்லர் லாரி மோதியது. இரண்டு ஓட்டுநர்களுக்கும் காயமில்லை. இருவரும் வண்டியை விட்டு இறங்கினார்கள்.

அங்கேயே முடிந்திருந்தால் இரண்டு லாரிகளின் தகரச் சேதத்தோடு போயிருக்கும். ஆனால் அடுத்து வந்த ஒரு கார் இரண்டாவது லாரியின் பின்னால் மோதியது. அந்தக் காரின் மேல் மூன்றாவது டிரெய்லர் லாரி ஒன்று வந்து மோதியது. தீப்பிடித்தது. இரண்டு லாரிகளும் நடுவில் சிக்கிய காரும் எரிந்தன.

இதே சமயத்தில் எதிர்த்திசையில், வடக்கு நோக்கிய தடங்களில், பனிமூட்டத்தைக் கண்டு வேகத்தைக் குறைத்த ஒரு காரைப் பின்னால் வந்த கார் இடித்தது. ஒரு பிக்கப் வண்டியும் மேலும் இரண்டு கார்களும் அவற்றோடு சேர்ந்தன. பிறகு இரு திசைகளிலும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதிக்கொண்டே இருந்தன. மொத்தம் 99 வாகனங்கள். 12 பேர் இறந்தார்கள், 42 பேர் காயமடைந்தார்கள்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்தது. அது கண்ட காரணம் குடிபோதையோ பந்தய ஓட்டமோ அல்ல. திடீரெனப் பார்வை மறைந்தபோது ஓட்டுநர்கள் ஆளுக்கொரு வேகத்தில் போனார்கள் என்பதுதான். தற்காப்பு ஓட்டுதல் பற்றி யோசிக்கும் எவரும் அந்தக் காரணத்தை இரண்டாவது முறை படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். "வேகமாகப் போனார்கள்" என்று வாரியம் சொல்லவில்லை. வேகங்கள் பெரிதாக மாறுபட்டன என்றது. சிலர் நன்றாகக் குறைத்தார்கள், சிலர் கொஞ்சம் குறைத்தார்கள், சிலர் குறைக்கவே இல்லை. வடக்குப் பக்கத்தில் முதலில் இடிபட்ட காரின் ஓட்டுநர் செய்தது, நாம் எல்லோரும் சரி என்று சொல்லும் காரியம். அவர் மெதுவாகத்தான் போனார்.

இந்த இடம்தான் என்னை இந்த நிகழ்வோடு கட்டிப்போடுகிறது. பனிமூட்டத்தில் மெதுவாகப் போ என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்போது மெதுவாக, எவ்வளவு மெதுவாக, எந்த விதத்தில் மெதுவாக என்பதை யாரும் சொல்வதில்லை. 12 உயிர்கள் போனது அந்தச் சொல்லாத பகுதியில்தான்.

கண்ணும் பிரேக்கும்

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். கணக்கில்லாமல் "கவனமாக ஓட்டு" என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் போகிறது. முன்னால் ஏதோ நிற்கிறது என்று கண்டு, அது என்னவென்று புரிந்து, கால் பிரேக்கில் அழுந்துவதற்கு 1.5 வினாடி என்று வைத்துக்கொள்வோம். எதிர்பாராத ஆபத்தில் அது சாதாரண அளவுதான். அந்த நேரத்துக்குள் வண்டி 42 மீட்டர் போய்விடும். இப்போது பனிமூட்டத்தில் உங்களுக்குத் தெரிவது 30 மீட்டர் மட்டும் என்றால்? கால் பிரேக்கைத் தொடும் முன்பே மோதிவிடுவீர்கள். முழு 100 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு துளி வேகம்கூடக் குறையாமல்.

சரி, 60க்குக் குறைத்துவிட்டீர்கள். பலருக்கும் இது "பத்திரமான" வேகமாகத் தோன்றும். புரிந்துகொள்ளும் நேரத்திலேயே 25 மீட்டர் போய்விடும். மிச்சம் 5 மீட்டர். காய்ந்த சாலையில், நல்ல டயரோடு, முழு பலத்தோடு பிரேக் பிடித்தாலும் அந்த 5 மீட்டரில் வேகம் 52க்குத்தான் இறங்கும். நின்றிருக்கும் லாரியின் பின்பக்கத்தில் 52 கிலோமீட்டரில் மோதுவது சின்ன விபத்தல்ல. 40 கிலோமீட்டரில் போனால் காய்ந்த சாலையில் சுமார் 26 மீட்டரில் நின்றுவிடலாம், பிழைத்தீர்கள். ஆனால் பனிமூட்டம் இருக்கும் இடத்தில் சாலை பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும். ஈரத்தில் அதே 40க்கு ஏறக்குறைய 32 மீட்டர் வேண்டும். பார்வை 30 மீட்டர் இருந்தால் 40கூட அதிகம். பார்வை 12 மீட்டருக்குச் சுருங்கினால் 20தான் உச்ச வேகம்.

கார் ஓட்டுபவருக்கான கணக்கு இது. சரக்கேற்றிய டிரெய்லர் லாரிக்குக் காற்றுப் பிரேக் வேலை செய்யத் தொடங்கவே கூடுதல் நேரம் ஆகும், நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும். கால்ஹூனில் முதல் மோதலும், தீயை மூட்டிய மோதலும் லாரிகளால் நிகழ்ந்தன என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனின் சாலை விதிநூல் இதை ஒரே வரியில் சொல்கிறது: தெளிவாகத் தெரியும் தூரத்துக்குள் தாராளமாக நின்றுவிடும்படி ஓட்டுங்கள். தற்காப்பு ஓட்டுதலின் அடித்தளமே இந்த வரி என்பேன். வளைவில், மேட்டின் உச்சியில், இரவில் ஹெட்லைட் எட்டும் எல்லையில், கொட்டும் மழையில் என்று எங்கும் இதே விதிதான். பனிமூட்டம் அந்த விதியை மீறுபவரை உடனே பிடித்துவிடுகிறது, மற்ற இடங்கள் அவரைப் பல ஆண்டுகள் தப்பிக்க விடுகின்றன. அவ்வளவுதான் வித்தியாசம்.

பின்னால் வருபவர்

இனி இந்த நிகழ்வின் கடினமான பகுதி. மேலே சொன்ன கணக்கை ஒருவர் அப்படியே நம்பி, பனிமூட்டத்துக்குள் நுழைந்ததும் 100லிருந்து 30க்குச் சடாரென்று பிரேக் அடித்தால் என்ன ஆகும்? பின்னால் வருபவர் இன்னும் 100ல் இருக்கிறார். இருவருக்கும் இடையே வேக வித்தியாசம் 70 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 19 மீட்டருக்கு மேல். 30 மீட்டர் பார்வையில் முன்னால் இருப்பவரைக் கண்ட பிறகு அவருக்குக் கிடைப்பது ஒன்றரை வினாடிதான். அது புரிந்துகொள்ளவே போய்விடும். வடக்குத் தடத்தின் முதல் மோதல் இந்த வகைதான்: குறைத்தவரைக் குறைக்காதவர் இடித்தார்.

அப்படியானால் குறைக்காமல் போவதா? இல்லை. குறைக்க வேண்டிய இடம் பனிமூட்டத்துக்கு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது.

ஆற்றோரப் பனிமூட்டம் பெரும்பாலும் சாலை முழுவதும் ஒரே சீராகப் பரவி நிற்பதில்லை. காற்றில்லாத, மேகமில்லாத இரவுக்குப் பிறகு, தாழ்வான இடத்தில், நீர்நிலையை ஒட்டித் திட்டாகத் தேங்குகிறது. ஒரு நிமிடம் வெயில் அடிக்கும், அடுத்த நிமிடம் எதிரே வெள்ளைச் சுவர். அந்தச் சுவர் தூரத்திலேயே கண்ணில் பட்டிருக்கும். அதைக் கண்ட கணத்திலிருந்து அதற்குள் நுழையும் கணம் வரை உள்ள தூரம்தான் ஓட்டுநருக்குக் கிடைக்கும் மொத்தச் சொத்து.

100லிருந்து 40க்கு மென்மையாக இறங்க, பின்னால் வருபவர் உங்கள் பிரேக் விளக்கைப் பார்த்துத் தானும் குறைக்க அவகாசம் கொடுத்து இறங்க, சுமார் 160 மீட்டர் வேண்டும். நேரத்தில் எட்டு வினாடிக்கு மேல். இந்த எட்டு வினாடியைத் தெளிந்த வெளிச்சத்தில் செலவழித்தால் உங்கள் பின்னால் வருபவரும் அதைப் பார்ப்பார், அவருக்குப் பின்னால் வருபவரும் பார்ப்பார். ஒரு வரிசையே ஒன்றாக வேகம் குறைந்து பனிமூட்டத்துக்குள் நுழையும். வித்தியாசம் குறைவாக இருந்தால் மோதல் நடந்தாலும் அது உரசலோடு முடியும். பனிமூட்டத்துக்குள் போன பிறகு செலவழித்தால் உங்களை யாரும் பார்க்கவில்லை.

அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். இன்ஜின் பிரேக்கில் வேகம் இறங்கும், ஆனால் பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பிரேக் பெடலை இரண்டு மூன்று தடவை லேசாகத் தொட்டு விளக்கை மின்ன விட்டு, பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்து, பின்னால் வருபவர் நெருங்குவது குறைகிறதா என்று உறுதிசெய்துகொண்டு, பிறகு நிதானமாக அழுத்த வேண்டும். அவர் குறைக்கவில்லை என்று தெரிந்தால் ஹசார்ட் விளக்கை, அதாவது எல்லா இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னும் எச்சரிக்கை விளக்கை, போடுவது நல்லது. பனிமூட்டத்துக்குள் நுழையும் முன் க்ரூஸ் கண்ட்ரோலை அணைத்துவிட வேண்டும். வேகத்தைப் பிடித்து வைக்கும் வேலை அந்த நேரத்தில் இயந்திரத்திடம் இருக்கக் கூடாது.

பயிற்சிப் பாடம் எங்கே உதவியது, எங்கே போதவில்லை

தற்காப்பு ஓட்டுதல் என்பது புதிய பேச்சல்ல. 1952ல் ஹரால்ட் ஸ்மித் தொடங்கிய பயிற்சி முறை இன்றும் லாரி, பஸ் ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. தூரத்தில் பார், முழுக்காட்சியையும் பார், கண்ணை ஓரிடத்தில் நிறுத்தாதே, தப்பிக்க ஓர் இடம் வைத்துக்கொள், மற்றவர் உன்னைப் பார்க்கிறார் என்று உறுதிசெய் என்று ஐந்து பாடம். 1964ல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலும் தனியாக ஒரு பாடத்திட்டம் தொடங்கியது. சுற்றுச்சூழல் எப்படி இருந்தாலும், மற்றவர் என்ன தவறு செய்தாலும், உயிரையும் நேரத்தையும் பணத்தையும் காக்கும்படி ஓட்டுவது என்பது அது சொல்லும் விளக்கம். "மற்றவர் என்ன தவறு செய்தாலும்" என்ற பகுதியைத்தான் நாம் வழக்கமாக மறந்துவிடுகிறோம். யார் மேல் தவறு என்பது காப்பீட்டுக்காரருக்குத் தேவைப்படும் கேள்வி. சக்கரத்தின் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தேவையானது வேறு கேள்வி.

ஸ்மித்தின் முதல் பாடத்தைக் கால்ஹூனில் வைத்துப் பாருங்கள். குறைந்தது 15 வினாடிப் பயணத் தூரத்துக்கு அப்பால் கண் இருக்க வேண்டும் என்பார்கள். 100 கிலோமீட்டரில் அது 400 மீட்டருக்கு மேல். பார்வை 30 மீட்டருக்குச் சுருங்கும்போது அந்த 15 வினாடி ஒரு வினாடியாகிவிடுகிறது. பாடம் அங்கே உடைந்துவிடுகிறது என்று தோன்றும். உண்மையில் பாடம் அதற்கு முன்பே தன் வேலையைச் செய்திருக்க வேண்டும். 400 மீட்டர் தள்ளி வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்று கண்டவருக்கு 160 மீட்டர் செலவழிக்கத் தாராளமாக இடமிருக்கிறது. முன்னால் போகும் வண்டியின் பம்பரை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தவருக்கு அது இல்லை.

மூன்றாவது நான்காவது பாடங்களைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல ஏதுமில்லை. ஐந்தாவது முக்கியம். பகல் 9 மணிக்குப் பலரும் விளக்கே போடுவதில்லை. பனிமூட்டத்தில் விளக்கு சாலையைக் காட்டுவதற்கு அதிகம் உதவாது, உங்களை மற்றவருக்குக் காட்டுவதற்குத்தான். லோபீம் போட வேண்டும். ஹைபீம் போட்டால் நீர்த்துளிகளில் பட்டு ஒளி உங்கள் கண்ணுக்கே திரும்பி வந்து, இருந்த பார்வையையும் கெடுத்துவிடும். தானியங்கி விளக்குகளை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: பல கார்களில் அந்த உணரி வெளிச்சத்தின் அளவை மட்டும் பார்க்கிறது. பகல் பனிமூட்டம் வெளிச்சமாகத்தான் இருக்கும், அதனால் பின்விளக்கு எரியாமலே போக வாய்ப்புண்டு. கையால் போடுங்கள்.

வேகத்தை உணர்வது

பனிமூட்டத்தில் நம் சொந்த வேகத்தை நாமே சரியாக உணர்கிறோமா? 1998ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வில், செயற்கைப் பனிமூட்டக் காட்சியில் ஓட்டியவர்கள் தங்கள் வேகத்தைக் குறைவாக மதிப்பிட்டு, தெரியாமலே வேகமாக ஓட்டினார்கள். இது பல ஆண்டுகள் பாடமாகச் சொல்லப்பட்டது. 2012ல் ஜெர்மனியைச் சேர்ந்த வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். முதல் ஆய்வில் காட்சி முழுவதும் ஒரே மாதிரி மங்கலாக்கப்பட்டிருந்தது. நிஜப் பனிமூட்டத்தில் அருகே தெளிவாகவும் தூரத்தில் மங்கலாகவும் இருக்கும். அப்படி அமைத்தபோது ஓட்டுநர்கள் வேகத்தை அதிகமாக உணர்ந்து, தாமாகவே குறைத்தார்கள்.

இரண்டில் எது முழு உண்மை என்று ஓட்டுநர் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. கண் சொல்லும் வேகம் சூழலைப் பொறுத்து மாறுகிறது என்பது இரண்டிலும் தெளிவு. ஸ்பீடோமீட்டரைப் பார்ப்பதே வழி. வினாடிக்கொரு முறை பார்க்க முடியாது, ஆனால் பனிமூட்டத்துக்குள் நுழையும் முன் ஒரு முறை, நுழைந்த பிறகு அடிக்கடி ஒரு பார்வை.

இன்னொரு மயக்கம் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு. அது தெரியும் வரை நிம்மதி, மறைந்தால் பதற்றம். அதைத் தொலைத்துவிடக் கூடாது என்று பின்னால் வருபவர் நெருங்கிக்கொண்டே போகிறார். இருட்டில் கைபிடித்து நடப்பதுபோல முன்னவரை நம்பி நடக்கிறார். முன்னவர் ஒரு தடையில் மோதி நின்றால் பின்னால் வருபவருக்கு நிற்கும் தூரம் கிடையாது. முன்னவர் சாலையை விட்டு விலகினால் இவரும் விலகுவார். நான் பார்த்தவரை பனிமூட்டத்தில் ஓட்டும் நல்ல ஓட்டுநர்கள் இடப்பக்க விளிம்புக் கோட்டையோ தடக்கோட்டையோ வழிகாட்டியாக வைத்துக்கொள்கிறார்கள். முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கு மங்கலாகத் தெரியும் தூரத்திலேயே தங்கிவிடுகிறார்கள், நெருங்குவதில்லை.

நின்ற பிறகு

தெற்குத் தடத்தில் முதலில் மோதிய இரு லாரி ஓட்டுநர்களும் காயமின்றி இறங்கினார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த இடைவெளியில்தான் அந்தச் சாலையில் அடுத்த ஆபத்து உருவாகிக்கொண்டிருந்தது. தொடர் மோதலில் முதல் மோதல் பெரும்பாலும் கொல்வதில்லை. பின்னால் வரும் வேகமான வண்டிதான் கொல்கிறது. அதனால் பனிமூட்டத்தில் சின்ன இடிபாடு நடந்தாலும், யார் தவறு என்று பேச சாலையில் நிற்பது மிக மோசமான முடிவு. வண்டி ஓடுமானால் சாலையை விட்டு முழுவதும் வெளியே ஓட்டிப் போய்விட வேண்டும். ஓடவில்லையென்றால், இறங்க வாய்ப்பு இருக்கும்போது, போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், மோதிய வண்டிகளுக்குப் பின்னால், அதாவது மற்ற வண்டிகள் வரும் பக்கமாக, தள்ளி நிற்க வேண்டும். இரு வண்டிகளுக்கு நடுவே ஒருபோதும் நிற்கக் கூடாது. சுற்றிலும் மோதல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்து, இறங்கினால் பாதுகாப்பான இடத்தை அடைய முடியாது என்றால் பெல்ட்டோடு உள்ளேயே இருப்பதுதான் நல்லது. இந்த முடிவு அந்தந்த இடத்தில் எடுக்க வேண்டியது, ஒரே பதில் கிடையாது.

பார்வை போய்விட்டது, நிறுத்தியே ஆக வேண்டும் என்ற நிலையில், சாலையை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி நிறுத்தச் சொல்கிறது அமெரிக்க வானிலைச் சேவை. நின்ற பிறகு ஹசார்ட் தவிர மற்ற விளக்குகளை அணைத்து, கைப்பிரேக் போட்டு, பிரேக் பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். காரணம் எளிது: நின்றிருக்கும் வண்டியின் பின்விளக்கைப் பார்த்து, அது ஓடிக்கொண்டிருக்கும் வண்டி என்று நினைத்து, அதைப் பின்தொடர்ந்து வந்து இடிப்பவர்கள் உண்டு.

சாலையின் பங்கு

எல்லாவற்றையும் ஓட்டுநர் தலையில் ஏற்றுவது நியாயமல்ல. அதே இடத்தில் அதற்கு முன்பும் பனிமூட்டத்தில் பல வண்டிகள் மோதியிருக்கின்றன, எச்சரிக்கைப் பலகைகளும் இருந்தன. வெயில் நாளிலும் பனி நாளிலும் ஒரே செய்தியைச் சொல்லும் பலகை, தினமும் போகிறவர் கண்ணில் சில மாதங்களில் மறைந்துவிடும். விபத்துக்குப் பிறகு சில ஆண்டுகளில் பார்வைத் தூரத்தை அளக்கும் உணரிகளும், வேகத்தைக் கண்காணிக்கும் ரேடார்களும், செய்தி மாறும் பலகைகளும் வைத்தார்கள். அந்த ஏற்பாட்டில், பார்வை குறையக் குறைய வேக வரம்பு முதலில் மணிக்கு 50 மைலுக்கும், பிறகு 35க்கும் இறங்கும். பார்வை 240 அடிக்குக் கீழே, அதாவது 73 மீட்டருக்குக் கீழே போனால் அந்தப் பகுதியையே மூடி வண்டிகளை வேறு வழியில் திருப்புவார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: பிரிட்டன் விதிநூல் கணக்குப்படி மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும் கார் நிற்க ஆகும் தூரமும் 73 மீட்டர்தான். பலகை வைத்து அனைவரையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவதால் வாரியம் கண்ட அந்த மூலக் காரணமே, வேக வித்தியாசமே, அடிபடுகிறது.

ஆனால் இப்படிப்பட்ட ஏற்பாடு உள்ள சாலைகள் குறைவு. கால்ஹூனுக்கு மூன்று மாதம் கழித்து, 1991 மார்ச் 13ல், பிரிட்டனின் எம்4 நெடுஞ்சாலையில் ஹங்கர்ஃபோர்டு அருகே பனிமூட்டத்தில் 51 வாகனங்கள் மோதி 10 பேர் இறந்தார்கள். 2023 அக்டோபர் 23ல் அமெரிக்காவின் லூயிசியானாவில், சதுப்பு நிலத் தீயின் புகையும் பனியும் கலந்து ஐ-55 சாலையை மூடியபோது 158 வாகனங்கள் மோதிக்கொண்டன, குறைந்தது 7 பேர் இறந்தார்கள். கார்கள் மாறிவிட்டன, காற்றுப் பைகளும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் வந்துவிட்டன. பார்வைக்கும் பிரேக்குக்கும் உள்ள கணக்கு மாறவில்லை.

பழகிக்கொள்வது

இதைப் பனிமூட்டம் வந்த அன்று கற்றுக்கொள்ள முடியாது. தெளிந்த நாளில் பழக வேண்டும். முன்னால் தெரியும் ஒரு கம்பத்தையோ பலகையையோ குறித்துக்கொண்டு, அதை அடைய எத்தனை வினாடி ஆகிறது என்று மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். சில வாரங்களில் கண் தூரத்தை வினாடியாகவே பார்க்கத் தொடங்கிவிடும். பிறகு வளைவோ மேடோ வரும்போது தெரியும் தூரம் எத்தனை வினாடி என்று உடனே தோன்றும். அது நான்கு வினாடிக்குக் கீழே போனால் கால் தானாக அக்ஸிலரேட்டரை விட்டு எழ வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் நிற்பதற்குத் தேவையான தூரம் ஏறக்குறைய அந்த நான்கு வினாடிக்குள் வரும், ஈரச் சாலையில் அதையும் தாண்டும்.

பின்பக்கப் பனிவிளக்கு பொத்தான் எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பல ஆண்டு கார் வைத்திருப்பவர்களும் அதை ஒரு முறைகூட அழுத்தியதில்லை. பார்வை 100 மீட்டருக்குக் கீழே போகும்போது அதைப் போட வேண்டும். பனிமூட்டத்தை விட்டு வெளியே வந்ததும் மறக்காமல் அணைக்க வேண்டும். தெளிந்த காற்றில் அது பின்னால் வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும், நீங்கள் பிரேக் பிடிப்பதை அவர் தாமதமாகத்தான் கண்டுகொள்வார்.